34 வயசுல டென்டல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணலாமா? நியூஜெர்சி வாசகிக்கு என் பதில்

எடிசன் பக்கத்துலேந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க, பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. 34 வயசு, தமிழ்நாட்ல பி.இ. ஈ.சி.ஈ. படிச்சு 68 பர்சென்ட், மூணாவது செமஸ்டர்ல மேத்ஸ் அரியர் வச்சு அடுத்த தடவை கிளியர் பண்ணியிருக்காங்க, இப்ப ஒரு கம்பெனில டெஸ்டிங் லீட், கணவரும் ஐ.டி.தான், பையனுக்கு 5 வயசு, கிரீன் கார்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பிளஸ் டூ முடிச்சப்ப பி.டி.எஸ். சேரணும்னு ரொம்ப ஆசை, கட்-ஆஃப் வரல. போன வருஷம் பையனோட பல் வைத்தியத்துக்குப் போனப்ப அந்த டாக்டர் வேலை செஞ்ச விதத்த பக்கத்துலேயே உக்காந்து பாத்ததுலேந்து மனசு அதுலயே நிக்குதாம். அவங்க கேள்வி இதுதான்: இப்ப ஆரம்பிச்சா ரொம்ப லேட்டா, பி.இ. டிகிரிய ஒத்துப்பாங்களா இல்ல மறுபடியும் ஒரு பேச்சிலர்ஸ் படிக்கணுமா, வேலைய விட்டுட்டு முழுசா இறங்கட்டுமா, கடன் பத்தி வீட்ல பயப்படறாங்க அதுக்கு என்ன பண்றது, 'இந்த வயசுலயா'ன்னு கேக்கற மாமியாருக்கு என்ன பதில் சொல்றது.

நான் இங்க டென்டிஸ்டா இருக்கேன், எங்க கிளினிக்ல ஷேடோ பண்ண, அதாவது கூடவே நின்னு வேலைய பாக்க வர்ற பிரீ-டென்டல் (டென்டல் ஸ்கூலுக்கு தயாராகற) ஆளுங்கள்ல உங்கள மாதிரி வேற வேலைலேந்து வர்றவங்களும் இருக்காங்க, அதனால உங்க கடிதத்த படிச்சதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்குன்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

வயச பத்தி முதல்ல. 34 ஒரு பிரச்சனையே இல்ல, இத ஆறுதலுக்காக சொல்லல. அப்ளிகேஷன் பாக்கற கமிட்டி வயச வச்சு கழிக்கறதில்ல, 30 தாண்டி சேர்றவங்க வருஷா வருஷம் இருக்காங்க, மிலிட்டரிலேந்து வர்றவங்க, டீச்சரா இருந்தவங்க, ஹைஜீனிஸ்ட்டா, அதாவது கிளினிக்ல பல் சுத்தம் பண்றவங்களா இருந்தவங்க, இன்ஜினியருங்க எல்லாருமே. அவங்க பாக்கறது ரெண்டே விஷயம். இந்த ஆளால இப்ப, அதாவது பத்து வருஷம் முன்னாடி இல்ல இப்ப, கனமான சயின்ஸ் பாடத்த தாங்க முடியுமா, அப்புறம் டென்டிஸ்ட்ரின்னா என்னன்னு தெரிஞ்சுதான் வர்றாங்களா. இந்த ரெண்டுக்கும் கையில ஆதாரம் இருந்தா உங்க வயசு உங்களுக்கு பலம், இல்லன்னா 22 வயசா இருந்தாலும் சீட் கஷ்டம்தான்.

ஆனா வயசுக்கு ஒரு கணக்கு இருக்கு, அத நேர்மையா போட்டுப் பாக்கணும். உங்களுக்கு காலேஜ் லெவல் பயாலஜி கிடையாது, பி.இ. முதல் வருஷத்துல படிச்ச இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி இங்க ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு பதிலா எடுத்துக்கவே மாட்டாங்கன்னு வச்சுக்கோங்க. அப்ப வேண்டியது லேபோட சேர்த்து ஒரு வருஷ பயாலஜி, ஒரு வருஷ ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஒரு வருஷ ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஒரு வருஷ பிசிக்ஸ், அதுக்கு மேல பயோகெமிஸ்ட்ரி, பல ஸ்கூல்ல மைக்ரோபயாலஜி, அனாட்டமி, ஃபிசியாலஜி, இங்கிலீஷ் ரைட்டிங் இதெல்லாம் கேப்பாங்க இல்லன்னா இருந்தா நல்லதும்பாங்க. இதுல காலத்த தீர்மானிக்கறது கெமிஸ்ட்ரிதான். ஜெனரல் ரெண்டு செமஸ்டர் முடிக்காம ஆர்கானிக் எடுக்க முடியாது, ஆர்கானிக் முடிக்காம பயோகெம் எடுக்க முடியாது, ஆக அஞ்சு செமஸ்டர் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்குது, பயாலஜியும் பிசிக்ஸும் அதுக்குப் பக்கத்துல ஓட்டிக்கலாம். சம்மர்லயும் படிச்சா ரெண்டு வருஷத்துக்குள்ள அடக்கலாம், வேலைய வச்சுக்கிட்டு நிதானமா போனா ரெண்டரை வருஷம். அப்புறம் அப்ளை பண்ற வருஷம்னு ஒண்ணு தனியா இருக்கு, ஜூன்ல போட்டா அடுத்த வருஷம் ஆகஸ்ட் மாதிரிதான் கிளாஸ் ஆரம்பிக்கும். ஆக சேரும்போது உங்களுக்கு 37 இல்ல 38, முடிக்கும்போது 41, 42. பையன் இப்ப அஞ்சு, நீங்க சேரும்போது எட்டு ஒன்பது, முடிக்கும்போது மிடில் ஸ்கூல். ஜெனரல் டென்டிஸ்டா வேலை செய்ய பெரும்பாலான ஸ்டேட்ல ரெசிடென்சி, அதாவது டிகிரிக்கு அப்புறம் செய்ற பயிற்சி, கட்டாயமில்ல, உங்க ஸ்டேட்டும் அப்படித்தான், ஆனா பக்கத்துல நியூயார்க்ல லைசென்ஸுக்கு ஒரு வருஷ ரெசிடென்சி வேணும். 42-ல ஆரம்பிச்சா இருபது வருஷத்துக்கு மேல பிராக்டிஸ் பண்ணலாம், அது சின்ன காலம் இல்ல.

இப்ப டிகிரி விஷயம், இதுலதான் நம்ம ஊர்ல படிச்சுட்டு வந்தவங்க நிறைய பேர் தடுக்கி விழறாங்க. மறுபடியும் பேச்சிலர்ஸ் டிகிரி வாங்கணுமான்னா பெரும்பாலும் வேண்டாம். ஆனா பல ஸ்கூல்ல ஒரு ரூல் இருக்கு, அமெரிக்காவுலயோ கனடாவுலயோ உள்ள காலேஜ்ல குறைஞ்சது இத்தனை கிரெடிட் படிச்சிருக்கணும்னு, சில எடத்துல 60, சில எடத்துல 90 செமஸ்டர் ஹவர். பிரீரெக்விசிட், அதாவது சேர்றதுக்கு முன்னாடி முடிக்கணும்னு மேல சொன்ன கோர்ஸ் எல்லாத்தையும் கூட்டினா சுமாரா 45, 50 வரும், அப்ப 60 கேக்கற ஸ்கூலுக்கு இன்னும் மூணு நாலு கோர்ஸ் சேர்த்தா போதும், 90 கேக்கற ஸ்கூலுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதனால கோர்ஸ் ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி நீங்க குறி வைக்கற ஒவ்வொரு ஸ்கூலோட அட்மிஷன்ஸ் ஆபீஸுக்கும் ஒரு ஈமெயில் போடுங்க, 'என் டிகிரி இந்தியாவுல வாங்கினது, அமெரிக்க கிரெடிட் எவ்வளவு வேணும், கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட் எடுத்துப்பீங்களா, பிரீரெக்விசிட் எத்தனை வருஷத்துக்குள்ள படிச்சிருக்கணும்'னு மூணே கேள்வி. வர்ற பதில சேமிச்சு வைங்க. அவங்களுக்கு இந்த மாதிரி மெயில் தினமும் வரும், கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வாட்ஸப் குரூப்ல யாரோ அவங்க அனுபவத்துல சொன்னத நம்பி ரெண்டு வருஷத்த பிளான் பண்ணாதீங்க, ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும்.

68 பர்சென்ட் பத்தி ரொம்ப கவலைப்படறீங்கன்னு தெரியுது. வெளிநாட்டு மார்க்க கிரெடென்ஷியல் எவாலுவேஷன் பண்ணி, அதாவது இங்கத்த கிரேடுக்கு மாத்திதான் பாப்பாங்க, நம்ம இன்ஜினியரிங் மார்க் எவ்வளவு கறாரா போடுவாங்கன்னு கமிட்டில கொஞ்சம் பேருக்குத் தெரியும், நிறைய பேருக்குத் தெரியாது. அந்த அரியர விளக்கி ஒரு பாரா எழுதணும்னு நினைக்காதீங்க, கேட்டா மட்டும் ஒரு வரில சொல்லுங்க. உங்கள எடை போடறது இனிமே இங்க எடுக்கப்போற சயின்ஸ் கிரேடுதான், இங்க சேர்ற பசங்களோட சராசரி ஜி.பி.ஏ. 3.6 கிட்ட இருக்கு, உங்க கதைக்கு அதவிட மேல வேணும், ஏன்னா உங்க கையில இருக்கற அமெரிக்க கோர்ஸே கொஞ்சம்தான், அதுல ரெண்டு சி வந்தா மறைக்க எடமில்ல. இன்னொண்ணு, டென்டல் ஸ்கூல்களுக்கான பொது அப்ளிகேஷன் ஒண்ணு இருக்கு, ஆட்சாஸ்னு எல்லாரும் சொல்வாங்க, அதுல ஒரு கோர்ஸ திரும்ப எடுத்தா பழைய கிரேடு அழியாது, ரெண்டையுமே கணக்குல சேர்ப்பாங்க. அதனால வேலைல ரிலீஸ் நேரம், பையனுக்கு காய்ச்சல், அப்ப ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் எடுத்து எப்படியாவது தள்ளிடலாம்னு மட்டும் பண்ணாதீங்க. செமஸ்டருக்கு ஒண்ணு எடுத்தாலும் பரவால்ல, ஏ வாங்குங்க.

எங்க படிக்கறதுன்னா உங்க வீட்டுப் பக்கத்துலயே மிடில்செக்ஸ் காலேஜ்னு ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, ஜெனரல் கெம், பயாலஜிய அங்க ஆரம்பிக்கலாம், செலவு குறைவு, சாயங்கால லேப் கிடைக்குதான்னு கேளுங்க. ஆர்கானிக்கும் பயோகெம்மும் முடிஞ்ச வரைக்கும் நாலு வருஷ யுனிவர்சிட்டில எடுங்க, ரட்கர்ஸ் பக்கத்துலதானே. சில கமிட்டி கம்யூனிட்டி காலேஜ கொஞ்சம் குறைச்சுப் பாக்கும், எல்லாமே அங்க படிச்சா கேள்வி வரும், கடினமான ரெண்டு பாடம் பெரிய எடத்துல ஏ-வோட இருந்தா அந்தக் கேள்வி அடங்கிடும். கிளாஸ்ல முன் வரிசைல உக்காருங்க, ஆபீஸ் ஹவர்ஸுக்குப் போங்க, ஏன்னா பின்னாடி ரெண்டு சயின்ஸ் புரொஃபசர்கிட்டேந்து ரெகமண்டேஷன் லெட்டர் வாங்க வேண்டியிருக்கும். முன்னூறு பேர் கிளாஸ்ல உங்க முகமே தெரியாத புரொஃபசர் எழுதற லெட்டர்ல உங்க கிரேடத் தவிர வேற எதுவும் இருக்காது.

வேலைய விடறதா வேணாமா. வேணாம், இப்ப நிச்சயமா வேணாம். என் கருத்து என்னன்னா இந்த முடிவ செலவு கம்மியான சோதனைலேந்து ஆரம்பிச்சு படிப்படியா போகணும், காசும் வேலையும் போகற சோதனை கடைசிலதான் வரணும். முதல் சோதனைக்கு பைசா செலவில்ல, ஷேடோயிங். உங்க பையனோட டென்டிஸ்ட்கிட்டயே கேளுங்க, இந்த மாதிரி யோசிக்கறேன், சனிக்கிழமை வந்து ஓரமா நின்னு பாக்கலாமான்னு. நிறைய பேர் ஒத்துப்பாங்க. அங்க மட்டும் நிக்காம ஒரு ஜெனரல் டென்டிஸ்ட் கிட்ட அதிக நேரம், அப்புறம் ஓரல் சர்ஜன், எண்டோடான்டிஸ்ட் (ரூட் கனால் ஸ்பெஷலிஸ்ட்), கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்னு நாலு விதமா பாருங்க, பல ஸ்கூல்ல 100 மணி நேரம் அளவுக்கு எதிர்பாப்பாங்க. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து என்ன பாத்தீங்கன்னு நாலு வரி எழுதி வைங்க, பேஷன்ட் பேரோ அடையாளமோ எதுவும் எழுதக்கூடாது.

ஷேடோயிங்ல நீங்க பாக்க வேண்டியது அழகான சிரிப்பு பண்ற நாள் இல்ல. மூணு மணிக்கு அனெஸ்தீசியா பிடிக்காம நெளியற பேஷன்ட், பணம் இல்லாததால ரூட் கனால் வேணாம் புடுங்கிடுங்கன்னு சொல்றவர், பயத்துல வாயே திறக்காத குழந்தை, இன்ஷூரன்ஸ் மறுத்த கிளெய்ம பத்தி ஃபிரண்ட் டெஸ்க்ல நடக்கற சண்டை, நாள் முழுக்க கழுத்த சாய்ச்சு வேலை செஞ்சுட்டு சாயங்காலம் தோள பிடிச்சுக்கிட்டு நிக்கற டாக்டர். இது உடம்பால செய்ற வேலை, கழுத்து வலியும் முதுகு வலியும் எங்க தொழில்ல சாதாரணம், பத்து வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஏற்கனவே கழுத்து வலி இருந்தா அத இப்பவே கணக்குல எடுத்துக்கோங்க. இத்தனையும் பாத்துட்டு அடுத்த சனிக்கிழமையும் போகணும்னு மனசு சொன்னா அப்பதான் காலேஜ்ல காசு கட்டுங்க. ஷேடோ பண்ண வர்றவங்க எல்லாரும் டென்டல் ஸ்கூல் போறதில்ல, இது நமக்கு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு நிம்மதியா திரும்பிப் போனவங்களும் உண்டு, அவங்க நஷ்டப்பட்டது சில சனிக்கிழமைதான்.

அங்க நிக்கும்போது ஹைஜீனிஸ்ட் செய்ற வேலையையும் நல்லா கவனிங்க. இன்டர்வியூல கேப்பாங்க, ஏன் ஹைஜீனிஸ்ட் ஆகலாமே, அது குறைஞ்ச வருஷம் குறைஞ்ச கடன்தானேன்னு. கேள்வி நியாயமானது. நோயாளியோட பேசறது, கையால வேலை செய்றது, கிளினிக் சூழல் இதுதான் உங்கள இழுக்குதுன்னா ஹைஜீன் உண்மையிலேயே நல்ல தொழில், குறைச்சலா நினைக்காதீங்க. டயக்னோசிஸ் பண்றது, சிகிச்சைய திட்டம் போடறது, சர்ஜரி பண்றது, முழுப் பொறுப்பும் என்னோடதா இருக்கறது, இது வேணும்னா டென்டிஸ்ட்ரி. எதுன்னு உங்களுக்கே தெளிவா தெரியணும்.

ரெண்டாவது சோதனை ஒரே ஒரு கோர்ஸ், ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒண்ணு. வேலையோட, பையனோட, அந்த ஒரு செமஸ்டர ஏ-வோட தாண்ட முடிஞ்சா மத்தது முடியும். முடியலன்னா என்ன காரணம்னு பாருங்க, நேரமா, வீட்ல உதவி பத்தலையா, பாடமே பிடிக்கலையா, முதல் ரெண்டையும் சரி பண்ணலாம், மூணாவது காரணம்னா அது வேற விஷயம்.

டென்டல் ஸ்கூல்ல சேர எழுதற டி.ஏ.டி. பரீட்சைய பத்தி நீங்க பயந்த அளவுக்கு பயப்பட வேண்டாம். நாலு பகுதி. சயின்ஸ்ல 100 கேள்வி 90 நிமிஷம், அதுல பயாலஜி 40, ஜெனரல் கெம் 30, ஆர்கானிக் 30. பிசிக்ஸ் கிடையாது. அப்புறம் படம் பாத்து வடிவத்த புரிஞ்சுக்கற பகுதி, அத பாட்னு சொல்வாங்க, 90 கேள்வி 60 நிமிஷம். ரீடிங் 50 கேள்வி ஒரு மணி நேரம், கணக்கு 40 கேள்வி 45 நிமிஷம். கணக்குல உங்களுக்கு வேகம்தான் பயிற்சி வேணும், விஷயம் தெரிஞ்சதுதான். பாட்-ல டாப் வியூ, ஃபிரண்ட் வியூ, எண்ட் வியூ குடுத்து விட்டுப்போனத கண்டுபிடிக்கச் சொல்லுவாங்க, பி.இ. முதல் வருஷத்துல டிராஃப்டர் வச்சு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் போட்டீங்களே அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், நம்ம படிச்சது ஃபர்ஸ்ட் ஆங்கிள், டாப் வியூ கீழ வரும். டி.ஏ.டி.ல டாப் வியூ மேல இருக்கும், தர்ட் ஆங்கிள் மாதிரி. இத முதல் நாளே மனசுல பதிய வச்சுக்கோங்க, பழைய பழக்கத்துல தப்பா பாத்துட்டா ஒரு முழுப் பிரிவே போயிடும். பாட்-ல வர்ற மத்த பிரிவு, ஆங்கிள் ரேங்கிங், ஹோல் பஞ்ச், க்யூப் கவுண்டிங் எல்லாம் தினம் அரை மணி நேரம் ரெண்டு மூணு மாசம் பண்ணா வந்துடும். உங்களுக்கு நிஜமா உழைப்பு தேவைப்படறது பயாலஜிலதான், பரப்பு ரொம்ப பெருசு, அப்புறம் ரீடிங்ல, ஏன்னா நமக்கு அவ்வளவு நீள சயின்ஸ் பத்திய அவசரமா படிச்சுப் பழக்கமில்ல.

ஸ்கோர் முறை 2025 மார்ச்லேந்து மாறிடுச்சு, முன்னாடி 1-லேந்து 30 வரைக்கும், இப்ப 200-லேந்து 600. பழைய ஆளுங்க 21 வாங்கினேன் 22 வாங்கினேன்னு சொல்றத வச்சு குழம்பாதீங்க, பழசையும் புதுசையும் ஒப்பிடற டேபிள அமெரிக்கன் டென்டல் அசோசியேஷனே வச்சிருக்கு. ஆர்கானிக் ரெண்டாவது செமஸ்டர் முடிஞ்ச சூட்டோட எழுதுங்க, அரைகுறையா எழுதிப் பாத்துக்கலாம்னு போகாதீங்க, உடனே திரும்ப எழுத விடமாட்டாங்க, எழுதின ஸ்கோரும் ஸ்கூலுக்குத் தெரியும்.

இப்ப பணம். உங்க வீட்ல பயப்படறது சரி, நான் உங்கள தைரியப்படுத்தி அந்த பயத்த தள்ள மாட்டேன். டென்டல் ஸ்கூல் முடிச்சு வர்றவங்களோட கல்விக் கடன் சராசரியா 3 லட்சம் டாலர் கிட்ட இருக்கு. நியூயார்க் மாதிரி எடத்துல பிரைவேட் ஸ்கூல்ல ஃபீஸ், கருவிகள், வாழ்க்கைச் செலவு எல்லாம் சேர்த்தா வருஷத்துக்கு லட்சம் டாலர தாண்டுது. முன்னாடி இதுக்கு கிராட் பிளஸ்னு ஒரு ஃபெடரல் லோன் இருந்துச்சு, செலவு எவ்வளவோ அவ்வளவு வாங்கலாம். 2025 ஜூலைல கையெழுத்தான சட்டத்துல அத நிறுத்திட்டாங்க, 2026 ஜூலை 1-லேந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது, டென்டல் மாதிரி தொழிற்படிப்புக்கு ஃபெடரல் லோன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். நீங்க சேரப்போறது இந்த ரூலுக்கு அப்புறம். உங்களுக்கு முன்னாடி படிச்சவங்க எல்லாரும் சொல்ற 'லோன் கிடைச்சிடும் கவலைப்படாதீங்க' உங்களுக்கு பொருந்தாது.

அதனால வருஷத்துக்கு லட்சம் ஆகற ஸ்கூல்ல பாதிப் பணத்துக்கு வேற வழி வேணும், சேமிப்பு, கணவரோட சம்பளம், இல்லன்னா பிரைவேட் லோன். பிரைவேட் லோனுக்கு கிரெடிட் ஸ்கோர் பாப்பாங்க, பெரும்பாலும் கோ-சைனர் கேப்பாங்க, அதாவது உங்க கணவரோட பேரும் அதுல கட்டுப்படும், ஃபெடரல் லோன்ல இருக்கற பாதுகாப்பு எதுவும் அதுல இருக்காது. உதாரணத்துக்கு மூணரை லட்சம் கடன், வட்டி 8 பர்சென்ட்னு வச்சுக்கோங்க, வட்டி மட்டுமே வருஷத்துக்கு 28,000 டாலர். அதோட நாலு வருஷம் உங்க சம்பளம் வராது, அதையும் கூட்டணும், அத எல்லாரும் மறந்துடறாங்க. இந்தப் பக்கம் டென்டிஸ்டோட நடுத்தர சம்பளம் அரசாங்க கணக்குப்படி 1,70,000 டாலருக்கு மேல, ஆனா முதல் வருஷத்துலயே அது வந்துடும்னு எழுதி வைக்காதீங்க. நீங்களும் கணவரும் ஒரு ஞாயித்துக்கிழமை எக்ஸெல் திறந்து வச்சு உக்காருங்க, ஒரு பத்தில நீங்க இப்ப இருக்கற வேலைலயே 60 வயசு வரைக்கும் இருந்தா எவ்வளவு, இன்னொண்ணுல டென்டல் போனா எவ்வளவு. ரெண்டாவது பத்தி கம்மியா வந்தாலும் போகலாம், அது உங்க வாழ்க்கை, ஆனா எவ்வளவு கம்மின்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போகணும்.

எந்த ஸ்கூல்ங்கறது உங்க விஷயத்துல பாதி பதில் மாதிரி. நியூஜெர்சில ஒரே டென்டல் ஸ்கூல், நியூவார்க்ல ரட்கர்ஸ். ஸ்டேட்ல குடியிருக்கறவங்களுக்கு அங்க ஃபீஸ் குறைவு, அதுதான் உங்க முதல் குறி. வீட்ட மாத்தாம போயிட்டு வரலாம்னா மன்ஹாட்டன்ல என்.ஒய்.யு., கொலம்பியா, அந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியால பென், டெம்பிள். ஒரே எடத்துல இருந்துகிட்டு அஞ்சு ஸ்கூல் தொடற தூரத்துல இருக்கறது இந்த நாட்ல ரொம்ப பேருக்கு கிடைக்காத வசதி, அத நல்லா பயன்படுத்திக்கோங்க. ஆனா ஃபிலடெல்ஃபியாவுக்கு தினம் போய் வர்றது முதல் ரெண்டு வருஷம் ரொம்ப கஷ்டம், காலைல எட்டு மணி கிளாஸ், சாயங்காலம் சிம்யுலேஷன் லேப்ல பிளாஸ்டிக் பல்ல வச்சு கிரௌன் பிரெப், அதாவது மேல உறை மாட்ட பல்ல செதுக்கறது, பண்ணிக்கிட்டே இருக்கணும், வீட்டுக்கு வந்து அனாட்டமி. சான் ஃபிரான்சிஸ்கோல யுனிவர்சிட்டி ஆஃப் த பசிஃபிக் மூணே வருஷத்துல முடிக்கற புரோகிராம் வச்சிருக்கு, ஒரு வருஷம் மிச்சம்னு ஆசை வரும், ஆனா குடும்பத்த நாட்டோட அந்தக் கடைசிக்கு மாத்தணும், செலவும் லேசு இல்ல, உங்க நிலைமைக்கு நான் அத சொல்ல மாட்டேன். டி.டி.எஸ்., டி.எம்.டி. ரெண்டு பேர பாத்து குழம்பாதீங்க, ரெண்டும் ஒரே டிகிரி, ரட்கர்ஸ் டி.எம்.டி. குடுக்கும், என்.ஒய்.யு. டி.டி.எஸ். குடுக்கும்.

கிரீன் கார்டு இருக்கறதால ஃபெடரல் லோன் உங்களுக்கு உண்டு, ஹெச்-4 விசால இருந்திருந்தா அதுவும் கிடையாது. ஆனா நல்ல ஸ்காலர்ஷிப் ரெண்டுக்கு சிட்டிசன்ஷிப் வேணும். நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர்ல ஃபீஸும் மாசப் பணமும் தருவாங்க, பதிலுக்கு டென்டிஸ்ட் பத்தாத ஊர்கள்ல குறைஞ்சது ரெண்டு வருஷம் வேலை செய்யணும். மிலிட்டரியோட ஹெச்.பி.எஸ்.பி. இன்னொண்ணு, அதுக்கு வயசு வரம்பும் உண்டு. கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷத்துல சிட்டிசன்ஷிப்புக்கு போடலாம், அந்தத் தேதிக்கு 90 நாள் முன்னாடியே அப்ளை பண்ண விடுவாங்க. உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, பிரீரெக்விசிட் முடிச்சு ஸ்கூலுக்கு அப்ளை பண்ற சமயமும் அந்தத் தேதியும் ஏறக்குறைய ஒண்ணா வருது பாருங்க. நீங்க எப்படியும் சிட்டிசன் ஆகறதா இருந்தா தள்ளிப் போடாம அந்த நாள்லயே போடுங்க, நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் உங்களுக்கு கிடைச்சா மேல சொன்ன கடன் கணக்கு மொத்தமும் மாறிடும். அதுக்கு ஏழை ஜனங்களுக்கு வைத்தியம் பண்ற எடத்துல உங்களுக்கு உண்மையான ஈடுபாடு இருக்கணும், அதனால இப்பலேந்தே ஃப்ரீ கிளினிக்ல வாலன்டியர் பண்ணுங்க, பிப்ரவரில கிவ் கிட்ஸ் எ ஸ்மைல்னு குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை நாள் நடத்துவாங்க, அங்க ஆள் எப்பவும் தேவைப்படும், தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்ச ஆளுன்னா பெரியவங்களுக்கும் உதவியா இருப்பீங்க.

பெர்சனல் ஸ்டேட்மென்ட் 4,500 எழுத்துக்குள்ள, ஸ்பேஸும் சேர்த்து. பி.டி.எஸ். கிடைக்காம போன கதைய அதுல மையமா வைக்காதீங்க, கைவிட்டுப் போனத தேடி வர்றவங்கன்னு படிக்கறவங்களுக்கு தோணும், இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கன்னு அடுத்த கேள்வி வரும். ஐ.டி. வேலை சலிச்சுப்போச்சுன்னும் எழுத வேணாம். உங்ககிட்ட 22 வயசு பசங்ககிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு, டெஸ்டிங் லீடா பத்து வருஷம், மத்தவங்க சரின்னு விட்ட எடத்துல தப்பு இருக்கான்னு தேடறது, அத கண்டுபிடிச்சா கோபப்படாம டீமுக்கு புரிய வைக்கறது, ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலீஸ் நிக்கும்போது நிதானமா இருக்கறது. இதுல நிஜமா நடந்த ஒரு சம்பவத்த எடுத்து, ஷேடோயிங்ல பாத்த ஒரு சம்பவத்தோட சேர்த்து எழுதுங்க, உங்க பையன் கிளினிக்ல உக்காந்த நாள் ஒரு நாலு வரில வந்தா போதும். அப்ளிகேஷன ஜூன் முதல் வாரத்துலயே சப்மிட் பண்ணிடுங்க, வர வர பாத்து இன்டர்வியூ குடுக்கற முறை, கடைசி தேதி டிசம்பர், ஜனவரின்னு போட்டிருந்தாலும் அப்ப போட்டா சீட் முக்கால்வாசி போயிருக்கும். நேரத்தோட போட்டா இலையுதிர் காலத்துல இன்டர்வியூ, டிசம்பர் நடுவுலேந்து ஆஃபர் வரும். வருஷா வருஷம் அப்ளை பண்றவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு எங்கயாவது ஒரு எடத்துல சீட் கிடைக்குது, மெடிக்கல விட கொஞ்சம் இளக்கம்தான், ஆனா வீட்டுப் பக்கத்துல அஞ்சு ஸ்கூலுக்கு மட்டும் போடறவங்களுக்கு அந்த சராசரி பொருந்தாது. முதல் தடவை கிடைக்கலன்னா ரெண்டாவது தடவை போடறதுக்கு பணமும் மனசும் இருக்கான்னும் முன்கூட்டியே பேசி வைங்க.

மாமியார் கேட்டத நான் எதிர்ப்பா பாக்கல. அவங்க கேக்கறது பெரும்பாலும் பையன யார் பாத்துப்பாங்கன்னுதான் இருக்கும், அத வாய்விட்டு சொல்லத் தெரியாம வயச சொல்றாங்களோ என்னவோ. அவங்களுக்கு விளக்கம் குடுக்கறத விட உதவி கேட்டுப் பாருங்க, 'அத்தை, வாரத்துல ரெண்டு சாயங்காலம் கிளாஸ், அந்த நேரம் குட்டிய நீங்க பாத்துப்பீங்களா'ன்னு. முதல் செமஸ்டருக்கு இது மட்டும் போதும், டென்டல் ஸ்கூல் பேச்சே இப்ப எடுக்க வேணாம். கணவர்கிட்ட மட்டும் முழுசா பேசுங்க, மூணாவது நாலாவது வருஷம் நீங்க கிளினிக்ல பேஷன்ட் பாத்துட்டு வரும்போது சமையல், ஸ்கூல் பிக்கப், பேரன்ட் டீச்சர் மீட்டிங் எல்லாம் அவர் தலைல விழும், அதுக்கு 'பாத்துக்கலாம்'னு சொல்றது பதில் இல்ல, எந்த நாள் யார் எதுன்னு பேசணும்.

கடைசியா ஒண்ணு, இத இந்த வாரமே பண்ணிடுங்க. உங்க காலேஜ்லேந்தும் யுனிவர்சிட்டிலேந்தும் அஃபீஷியல் டிரான்ஸ்கிரிப்ட் வேணும்னு இப்பவே அப்ளை பண்ணிடுங்க, எவாலுவேஷன் ஏஜென்சிக்கு பெரும்பாலும் யுனிவர்சிட்டியே நேரா அனுப்பணும், சீல் வச்ச கவர்ல, ஊர்ல ஒரு ஆள் நாலு தடவை கன்ட்ரோலர் ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்கும், மாசக்கணக்குல ஆகலாம். கோர்ஸ்-பை-கோர்ஸ் எவாலுவேஷன் வேணும்னு கேளுங்க, சும்மா டிகிரி சமம்னு சொல்ற ரிப்போர்ட் உதவாது. எவாலுவேஷன் ரிப்போர்ட் கையில வந்ததும் ரட்கர்ஸ் அட்மிஷன்ஸுக்கு அந்த மூணு கேள்வி மெயிலோட சேர்த்து அனுப்புங்க. அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு எனக்கும் எழுதுங்க, அத வச்சு எந்த கோர்ஸ் எந்த செமஸ்டர்ல எடுக்கறதுன்னு சேர்ந்து உக்காந்து பிளான் போடலாம்.